ஹாஃப் கிளட்ச் வாத்தியார்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு வாத்தியார் என்று பேர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. ஒருவன் வண்டியைத் திருப்பி ஸ்டாண்டுக்குள் நிறுத்துவதற்குள் அவனிடம் நாலு குற்றம் கண்டுபிடித்துவிடுவார், அதனால் வந்த பேர்.

"கியர் ராடு என்ன உன் பொண்டாட்டி தோளா? எப்பப் பாத்தாலும் கையை மேலயே போட்டு வச்சிருக்கே. உள்ள தேயுமா தேயாதா?" என்பார். "உருண்டுக்கிட்டிருக்கிற வண்டியை முழுசா நிறுத்தாம ரிவர்ஸ் போடுறியே, அந்தச் சத்தம் உன் காதுல விழலையா? எனக்குப் பல்லு கூசுதுடா" என்பார். இதையெல்லாம்கூட அவர் ஒருநாள் மன்னித்துவிடுவார். மன்னிக்கவே மாட்டாத குற்றம் ஒன்று உண்டு, ஹாஃப் கிளட்ச். கிளட்ச் மிதியை முழுசாக மிதிக்காமலும் முழுசாக விடாமலும் நடுவில் வைத்துக்கொண்டே ஓட்டுவது. வண்டி குலுங்காமல் பூப்போல நகரும். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டு உரசி உரசிக் கருகும்.

"மேட்டுல நின்னா ஹேண்ட் பிரேக்கைப் போடு. கிளட்ச்சுல தொங்கிக்கிட்டு நிக்காதே. ஹாஃப் கிளட்ச் பீடி மாதிரி. இழுக்கறப்ப சுகமாத்தான் இருக்கும், உள்ள என்ன ஆகுதுன்னு அப்புறம்தான் தெரியும்."

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற மனிதருடைய வண்டியிலேயே கிளட்ச் தட்டு போய்விட்டது என்றால் ஸ்டாண்டு சும்மா இருக்குமா? மெக்கானிக் வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "வாத்தியாரே, தட்டுல ஒண்ணுமே இல்லை. காகிதம் மாதிரி ஆயிடுச்சு. கியர் பெட்டியை இறக்கணும், ரெண்டு நாள் வண்டியை விடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி என்று ஒருவன் அவர் காதில் விழும்படியாகவே சொன்னான்.

வாத்தியாருக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. ஆனால் பழியைப் போட ஆள் தயாராக இருந்தான். பகலில் அந்த வண்டியை அவர் ஓட்டுவார், இரவில் மச்சான் ஓட்டுவான். மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. ஸ்டாண்டில் அவனுக்குக் குலுக்கல் என்று பேர். அவன் வண்டியை எடுத்தால் பின்சீட்டில் தூங்குகிறவன் முன்சீட்டு முதுகில் முட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பான். கிளட்சைச் சடக்கென்று விடுவான், வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பும். கரடுமுரடான கை, கரடுமுரடான கால். அவனைத் தவிர வேறு யார் இதைச் செய்திருக்க முடியும்?

"என் வண்டியோட உயிரை எடுத்துட்டியேடா. இனிமே சாவியைத் தொடாதே" என்றார் வாத்தியார், ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் வேலையில்லாமல் வீட்டில்தான் கிடந்தான்.

வாத்தியார் வண்டியை மெக்கானிக்கிடம் விடவும் இல்லை. விட முடியவில்லை என்பதுதான் நிஜம். மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வருஷக் கணக்காகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். வண்டி எப்போது சும்மா இருக்கும்? நடுவில் ஒரு நாள்தான். ஒரு நாளில் கியர் பெட்டியை இறக்கி ஏற்ற முடியாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். மச்சான் கைவைக்காமல் தான் மட்டும் பக்குவமாக ஓட்டினால் அந்தத் தட்டு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று வாத்தியார் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கோடு ஒரு காலையில் அவர் வண்டிக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். குரல் வித்தியாசமாக இருந்தது. ஓடிப் போனார். அவள் போனை நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா பேசினாள். உறுப்பு மாற்றுப் பிரிவு. அவர்கள் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த இடம்.

"உங்க மனைவிக்குப் பொருந்துற கிட்னி ஒண்ணு வந்திருக்கு. உடனே கிளம்பி வாங்க. எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணி கூட வேண்டாம். மதியத்துக்குள்ள இங்க இருக்கணும். அதுக்கு மேல அதை வச்சிருக்க முடியாது. இன்னொரு பேஷண்டையும் வரச் சொல்லியிருக்கோம். நீங்க வரலைன்னா அவங்களுக்குப் போட்டுடுவாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா. வந்துடறோம். வந்துடறோம்மா" என்றார். இரண்டு தடவை சொன்னது போதாதென்று போனை வைத்த பிறகும் ஒரு தடவை சொன்னார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இருந்த ஒன்றும் விபத்துக் கேஸுக்குப் போயிருந்தது, எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஸ்டாண்டு காலை சவாரியில் காலியாகிக் கிடந்தது. கேள்விப்பட்டு மச்சான் ஓடி வந்தான். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை.

"மாமா, இந்த வண்டி வேண்டாம். பெரிய ரோட்டுல பாலம் இறங்கிப் போச்சு, மலை ரோட்டுலதான் போயாகணும். பால் வண்டிக்காரனுக்குப் போன் போட்டிருக்கேன். அரை மணியில இறக்கிட்டு வந்துடுவான். அவன் வண்டியில போகலாம்."

"அரை மணி உனக்கு அரை மணிதான். எனக்கு என்னன்னு தெரியுமா?"

"கிளட்ச் தாங்காது மாமா."

"நீ ஓட்டினாத் தாங்காது. நான் ஓட்டினாத் தாங்கும்" என்றார் வாத்தியார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மனைவியைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார். மச்சான் கூப்பிடாமலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்டான். இறங்கு என்று சொல்லக்கூட நேரமில்லை.

சமதரையில் வண்டி நன்றாகவே போயிற்று. வாத்தியார் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். கியர் மாறுவதே தெரியாது. பள்ளம் மேடு எல்லாம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். வண்டி நல்லபடியாக ஓட ஓட அவருக்குத் தைரியம் வந்தது. "பாத்தியா?" என்பதுபோல் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. அடுத்த ஏற்றத்தில் என்ஜின் திடீரென்று அலறியது. ஆனால் வண்டியின் வேகம் கூடவில்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். அலறல் கூடியது, வண்டி இன்னும் மெதுவானது. தீய்ந்த நாற்றம் உள்ளே பரவியது. வாத்தியாருக்கு அந்த நாற்றம் தெரியும். அடுத்தவன் வண்டியில் அந்த நாற்றம் வந்தால் தூரத்திலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி பண்ணுகிறவர் அவர். இப்போது அது அவர் வண்டியிலிருந்தே வந்தது.

வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றுபோயிற்று.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மச்சான் குதித்து இறங்கி இரண்டு பின்சக்கரத்துக்கும் கல் வைத்தான். பானெட்டைத் திறந்து சூடு ஆற விட்டார்கள். ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் சரிவு, இரண்டுக்கும் நடுவில் ஈரமான ரோடு. போனில் சிக்னல் இல்லை. பால் வண்டிக்காரனைக் கூப்பிடலாம் என்றால்கூட வழியில்லை.

கீழேயிருந்து ஒரு லாரி முக்கி முனகிக்கொண்டு வந்தது. வாத்தியார் ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். லாரிக்காரன் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, முழு லோடு! ஏத்தத்துல நிறுத்தினா அப்புறம் எடுக்க முடியாதுண்ணே! மன்னிச்சுக்குங்க!" என்று கத்தினான். விலகாவிட்டால் ஏற்றிவிடுவான் போலிருந்தது. மச்சான்தான் அவரைப் பிடித்து ஓரமாக இழுத்தான். லாரி போன பிறகு லாரிக்காரன் சொன்னது நியாயம் என்று வாத்தியாருக்கே தெரிந்தது. ஏற்றத்தில் வேகத்தை விடாதே என்று அவர்தான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்! இருந்தும் அவனைத் திட்டினார். திட்டாமல் இருக்க முடியவில்லை. அடுத்து ஒரு கார் வந்தது. உள்ளே பிள்ளைகள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டினவர் பரிதாபமாகக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை ஆகிவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தாள். தண்ணீரை மூடியில் அளந்து குடித்தாள். ராத்திரியெல்லாம் கால் பிடித்து இழுத்துத் தூங்காமல் கிடந்தாள். ஒரு புகார் சொன்னதில்லை. இன்றைக்கு விட்டால் இனி எப்போது போன் வரும்? வருமா? அவள் அதுவரைக்கும் இருப்பாளா?

"ஏறு, ஏறு. சூடு ஆறியிருக்கும்" என்று மச்சானிடம் சொல்லி, பானெட்டை மூடிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். முதல் கியர். வண்டி நகர்ந்தது. கொஞ்சம் நகர்ந்து, திரும்ப அலறி, திரும்ப நாறியது.

"மாமா, காலை எடுங்க" என்றான் மச்சான்.

"எந்தக் காலை?"

"இடது காலை. ஏறத் தொடங்கினதுலேருந்து நீங்க அதை விடவே இல்லை. பாதியிலேயே வச்சிருக்கீங்க. குனிஞ்சு பாருங்க."

வாத்தியார் குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால் கிளட்ச் மிதியின் மேல் இருந்தது. முழுசாக அழுத்தாமல், முழுசாக விடாமல், நடுவில். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கால் தனக்குத் தெரியாமல் போகுமா? போயிருக்கிறதே.

"நான்... இப்பத்தான்... ஏத்தத்துக்காக..."

"இப்ப இல்ல மாமா. அக்கா வண்டியில இருந்தா நீங்க எப்பவும் இப்படித்தான். ஸ்டாண்டுல சவாரி ஏத்தினா நல்லாத்தான் ஓட்டுறீங்க. அக்கா ஏறிட்டா ஒவ்வொரு வேகத்தடையிலயும் ஒவ்வொரு மேட்டுலயும் ஹாஃப் கிளட்ச்தான். அக்காவுக்குக் குலுங்கக் கூடாதுன்னு."

வாத்தியாருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அவளுக்குத் தலை சுற்றும். ஆரம்பத்தில் ஒருநாள் வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதில் அவள் வாந்தியெடுத்துத் துவண்டுபோனாள். அன்றிலிருந்து அவள் பின்னால் உட்கார்ந்திருந்தால் வண்டி நகர்வதே தெரியக் கூடாது என்று அவர் ஓட்டினார். அப்படி ஓட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும். எதை வைத்து அப்படி ஓட்டுகிறோம் என்று மட்டும் அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், போகவும் வரவும், அந்தத் தட்டை அவரே அரைத்திருக்கிறார்.

"அன்னிக்கே ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பின்சீட்டிலிருந்து மனைவி பேசினாள். குரல் தணிந்திருந்தது. "எனக்கும் தெரியும்ங்க. அந்த வாசனை எனக்கு ரொம்ப நாளாவே வந்துக்கிட்டிருந்தது. சொன்னா நீங்க சாதாரணமா ஓட்டுவீங்க. எனக்குக் குலுங்கும். அதனால சொல்லலை." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க தம்பியைத் திட்டினப்பகூடச் சொல்லலை. டேய் தம்பி, அக்காவை மன்னிச்சிடுடா. என் சுகத்துக்காக உன் வேலையைக் கெடுத்துட்டேன்."

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. "அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம்க்கா" என்றான். ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"விடு, நான் சரியா ஓட்டறேன்" என்றார் வாத்தியார். முதல் கியரைப் போட்டார். கிளட்சைச் சடக்கென்று விட வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வீங்கி, வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவர் கால் பாதியில் நின்றது. விடு என்று தன் காலுக்குத் தானே கட்டளையிட்டார். கால் கேட்கவில்லை. என்ஜின் அலறியது, நாற்றம் வந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"நீ எடுடா."

"மாமா, நான் எடுத்தா அக்காவுக்குத் தாங்காது. குலுக்கித்தான் எடுக்கணும். கிளட்சை உரச விடக் கூடாது. ஒரே அடியா விட்டு, நிறுத்தாம ஏத்தணும். வளைவுலயும் விட மாட்டேன்."

"எடுடான்னா!"

அவர் பின்சீட்டில் ஏறி மனைவியைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். மச்சான் சக்கரத்துக்கு மறுபடி கல் வைத்து, பானெட்டைத் திறந்து இன்னும் கொஞ்சம் ஆற விட்டான். அந்தக் காத்திருப்பில் வாத்தியார் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் பானெட்டை மூடி, கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தான்.

வண்டி குதித்தது. மனைவியின் தலை அவர் தோளில் இடித்தது. இன்னொரு குதி. தட்டு பிடித்துக்கொண்டது. முதல் கியரிலேயே, வேகமும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், உறுமிக்கொண்டே வண்டி ஏறியது. மச்சான் இடது காலை மிதியை விட்டு விலக்கித் தரையில் ஊன்றிவைத்திருந்தான். குழிகளில் வேகம் குறைக்கவில்லை. குறைத்தால் திரும்ப எடுக்க முடியாது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அவளுக்கு வாந்தி வந்தது. வெறும் வயிறு, ஒன்றும் வெளியே வரவில்லை, உடம்புதான் முறுக்கிக்கொண்டது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை அவர் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாடா..." என்று வாய் வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதேடா" என்று அவள்தான் சொன்னாள்.

உச்சிக்கு முந்தின ஏற்றம் சுவரைப்போல் செங்குத்து. அங்கே முதல் கியரும் கைவிட்டது. என்ஜின் அலற, வண்டி நின்று, மெல்லப் பின்னால் நழுவியது. மச்சான் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

வாத்தியாருக்குப் பழைய லாரிக்காரர்கள் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. "ரிவர்ஸ். ரிவர்ஸுக்கு இழுவை கூட. திருப்பிப் பின்பக்கமா ஏத்து" என்றார்.

"இந்த ரோட்டுலயா? எதிர்ல வண்டி வந்தா?"

"நான் முன்னால ஓடறேன்."

வண்டியைப் பின்னால் உருட்டி, வளைவின் அகலத்தில் எப்படியோ திருப்பினான். வாத்தியார் இறங்கி ஏற்றத்தில் ஓடினார். வயசான முழங்கால், தொப்பை, செருப்பு வேறு வழுக்கியது, கழற்றி எறிந்தார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, எதிரே வருகிற வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார். பின்னால் அவருடைய வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு ஊளையிட்டபடி ஏறி வந்தது. மேலேயிருந்து வந்த ஒரு வேன்காரன் நிறுத்தி, பைத்தியமா என்பதுபோல் பார்த்தான். பார்க்கட்டும். அவருக்கு மூச்சு நெஞ்சைக் கிழித்தது. ஓடியே செத்தாலும் பரவாயில்லை, அவள் போய்ச் சேரட்டும் என்று நினைத்தார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

உச்சியில் சிக்னல் கிடைத்தது. மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்குப் பேசினார்.

"வண்டி ரிப்பேரும்மா. மலை உச்சியில இருக்கோம். வந்துடறோம். குடுத்துடாதீங்கம்மா."

"அந்த இன்னொரு பேஷண்ட் வந்து தயாரா இருக்காங்க சார். டாக்டர்கிட்ட சொல்றேன். சீக்கிரம் வாங்க."

வண்டியைத் திருப்பி, அவரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மச்சான் நியூட்ரலுக்குப் போகப் பார்த்தான். "கியர்லயே விடு, பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும்" என்று வாத்தியார் கத்தினார். இந்த ஒன்றாவது சரியாகச் சொன்னார். இரண்டாம் கியரின் பிடியில் வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது. நகரத்துக்குள் நுழைந்து முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றார்கள். பச்சை விழுந்தபோது மச்சான் எத்தனை விதமாக முயன்றும் வண்டி நகரவில்லை. என்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் இனி ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

வண்டியை நடுரோட்டில், கதவு திறந்தபடி, சாவியோடு விட்டுவிட்டு இறங்கினார்கள். நிறுத்தினால் இரண்டு தடவை கதவை இழுத்துப் பார்க்கிற மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு டாக்ஸியைப் பிடித்தார்கள். அந்த டிரைவர் கியர் ராடின்மேல் கையைப் போட்டுக்கொண்டே ஓட்டினான். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா சக்கர நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டு, மனைவியை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். லிஃப்டின் கதவு மூடுவதற்குள் மனைவி கையைத் தூக்கினாள். அவரைப் பார்த்தா, தம்பியைப் பார்த்தா என்று தெரியவில்லை. மேலே ரத்தம் எடுத்தார்கள், இதயம் பார்த்தார்கள், ஒரு டாக்டர் வந்து கையெழுத்து வாங்கினார். "நேரத்துக்கு வந்துட்டீங்க. ஆபரேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம்" என்றார்.

வாத்தியார் காத்திருக்கும் அறையில் நாற்காலியில் விழுந்தார். பாதம் இரண்டும் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. சந்தோஷம் அடக்க முடியாமல் பொங்கியது. வாய்விட்டுச் சிரித்தேவிட்டார்.

அப்புறம்தான் எதிர் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தார்.

ஒரு மனிதரும் அவருடைய மகளும். மகளுக்குக் கல்லூரிக்குப் போகிற வயசு இருக்கலாம். முகம் வீங்கியிருந்தது, அந்த வீக்கம் வாத்தியாருக்கு நன்றாகத் தெரிந்த வீக்கம். ஆபரேஷனுக்குப் போடும் பச்சை அங்கியை அவளுக்கு ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தார்கள். தலைமுடியைச் சுருட்டித் துணிக் குல்லாய்க்குள் செருகியிருந்தாள். அப்பா ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், முழங்கை வரைக்கும் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

நர்ஸம்மா வந்து அவர்கள் முன்னால் குனிந்து ஏதோ சொன்னாள். அந்த மனிதர் தலையை ஆட்டினார். சொல்லி முடித்து அவள் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். மகள் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்து மடித்தாள்.

வாத்தியாரின் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தார். அதற்குள் அந்த மனிதர் எழுந்து அவரிடமே வந்துவிட்டார்.

"நீங்கதானே? வண்டி ரிப்பேராகி மலை மேல நின்னது?"

"ஆமாங்க."

"மலையில வண்டி நின்னுபோச்சுன்னு நர்ஸம்மா சொன்னாங்க." அவர் நிறுத்தினார். மாவு படிந்த கையை வேட்டியில் துடைத்தார். "அந்த வண்டி கிளம்பவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேங்க. உக்காந்திருந்த நேரம் பூரா வேற எதுவும் வேண்டலை. உங்க மூஞ்சியைப் பாக்கறப்ப சொல்லாம இருக்க முடியலை. மன்னிச்சுக்குங்க."

"நானா இருந்தாலும் அதைத்தான் வேண்டியிருப்பேன்" என்று வாத்தியார் சொல்ல நினைத்தார். அந்த மனிதரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையில் மாவு வாசனை வந்தது.

"அடுத்த தடவை கண்டிப்பா கூப்பிடுவாங்க" என்றான் மச்சான். சொன்ன பிறகு அவனுக்கே அது பொய்யாகப் பட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

மகள் அங்கியை மாற்றிக்கொண்டு தன் சொந்தச் சட்டையோடு வந்தாள். அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அப்பா, இனிமே சாப்பிடலாம்தானே? காலையிலேருந்து பசிக்குது."

அவர் பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றியிருந்த ரொட்டியை எடுத்துப் பிட்டுக் கொடுத்தார். அவள் நின்றபடியே தின்னத் தொடங்கினாள்.